ரோட்டவேட்டருக்குக் கீழே இறுகும் மண்: வேளாண்மைப் பொறியியல் துறைக்கு ஒரு திறந்த மடல்

வேளாண்மைப் பொறியியல் துறையின் முதன்மைப் பொறியாளர் அவர்களுக்கு,

வணக்கம். பெரம்பலூர் மாவட்டத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் பயிரிடும் மானாவாரி விவசாயிகளின் சார்பில், கோடை உழவு தொடங்குமுன் ஒரு கோரிக்கை: உங்கள் துறையின் வாடகை உழவில், சுழலும் கத்திகளால் மேல்மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டருக்கு இணையாக, அடிமண்ணை ஆழக் கீறும் உளிக்கலப்பையும் எங்களுக்கு எளிதில் கிடைக்க வேண்டும்.

ரோட்டவேட்டர் ஓட்டிய நிலம் பார்வைக்கு மாவாக இருக்கிறது. வேலையும் விரைவில் முடிகிறது. ஆனால் அதன் கத்திகள் பெரும்பாலும் ஆறு அங்குலத்துக்கு மேல் இறங்குவதில்லை. ஆண்டுதோறும் அதே ஆழத்தில் கத்தி சுழல, ஈரம் காயாத மண்ணில் டிராக்டரின் எடையும் சேர்ந்து அழுத்த, அதற்குக் கீழே மண் கெட்டித்தட்டாக இறுகிவிடுகிறது. ஐப்பசி மழைநீர் அதன்மேல் தேங்கி வேருக்குக் காற்றில்லாமல் செய்கிறது; மழை ஓய்ந்த சில வாரங்களிலோ, அடிமண்ணில் ஈரம் இருந்தும் வேர் எட்டாமல் மக்காச்சோளம் இலை சுருண்டு நிற்கிறது. அறுவடை முடிந்த பருத்திச் செடியைப் பிடுங்கினால் ஆணிவேர் பாதியில் மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருப்பதைக் காணலாம். விளைச்சல் குறைந்ததும் நாங்கள் யூரியாவைக் கூட்டுகிறோம். வேர் பரவ இடமில்லாத நிலத்தில் அதனால் ஆவது கொஞ்சமே.

இதற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் வழி புதிதல்ல: அரை மீட்டர் இடைவெளியில், 40 செ.மீ. ஆழத்துக்கு, குறுக்கும் நெடுக்குமாக உளிக்கலப்பை ஓட்டி, ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம் இட வேண்டும். மண் காய்ந்திருந்தால்தான் தட்டு நொறுங்கும். ஈரத்தில் ஓட்டினால் கோடு கிழித்ததோடு சரி. அவ்வளவு ஆழத்துக்கு இழுக்கச் சிறிய டிராக்டர்களால் முடியாது; உங்கள் துறையின் பெரிய டிராக்டர்கள்தான் வேண்டும் என்பதால், மாசியிலேயே முன்பதிவைத் தொடங்கி, கோடை மழைக்குள் உழவை முடித்துத் தாருங்கள்.

எல்லா நிலத்திலும் இதைத் திணிக்க வேண்டாம். கரிசல் தானே வெடித்து ஓரளவு இளகிக்கொள்ளும். நெல் வயலில் அடித்தட்டு உடைந்தால் நீர் நிற்காது. காவிரிப் படுகையின் பொதபொதப்பான வயல்களிலோ 400 கிலோ கல் உருளையை எட்டு முறை உருட்டி மண்ணை இறுக்கச் சொல்கிறது அதே பல்கலைக்கழகம். ஆகவே முன்பதிவின்போதே மண் வகையையும் பயிரையும் கேட்டு, தேவைப்படும் செம்மண் மானாவாரி நிலங்களுக்கு முன்னுரிமை தர வேண்டுகிறோம்.

உழவின் ஆழத்தை வயலிலேயே அளந்து காட்டும்படி ஓட்டுநர்களுக்கு அறிவுறுத்துங்கள். வாடகை மணிக்கணக்கில் என்பதால் அவசரப்படுத்துவது பெரும்பாலும் நாங்கள்தான். முக்கால் அடியோடு நிறுத்திவிட்டால், கீழே உள்ள தட்டு உடையாமலே நின்றுவிடும்.

இப்படிக்கு,
பெரம்பலூர் மாவட்ட மானாவாரி விவசாயி ஒருவர்