மந்திரிகளையும் மேடையேற்றுங்கள்: பட்டிமன்றப் பேச்சாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடுவர்களுக்கும் பேச்சாளர்களுக்கும்,

வணக்கம். கோயில் திருவிழாப் பட்டிமன்றங்களைச் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். நள்ளிரவு தாண்டியும் பாயைச் சுருட்டாமல் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் நானும் ஒருவன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

குற்றம், தண்டனை என்று தலைப்பு வந்துவிட்டால் நீங்கள் மனுநீதிச் சோழனை அழைக்காமல் இருப்பதில்லை. அண்மையில் ஒரு மேடையில் கேட்டேன். "கன்றுக்குட்டிக்காகப் பெற்ற மகனையே தேர்க்காலில் இட்டான் சோழன்! இன்றைக்கு வாய்தா மேல் வாய்தா!" என்றார் பேச்சாளர். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அடுத்து வந்தவர் ஒருபடி மேலே போய், மன்னர் காலத்தில் குற்றம் செய்தவன் தலை அன்றே உருண்டது, அதனால்தான் நாடு நலமாக இருந்தது என்றார். அதற்கும் கைதட்டல்.

ஐயா, அந்தக் கதையைப் பெரியபுராணத்தில் விரித்துச் சொன்ன சேக்கிழாரை ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். நீங்கள் விழுங்கிவிடும் ஒரு பகுதி அதில் இருக்கிறது. பசு மணியடித்த பிறகு மந்திரிகள் அரசனிடம் வாதாடுகிறார்கள். இதுபோல் முன்பும் நடந்திருக்கிறது, அதற்காக உயிரைப் போக்குவது மரபன்று, மறை சொன்ன கழுவாய், அதாவது பரிகாரம், செய்வதே தொன்றுதொட்டு வரும் நெறி என்கிறார்கள். அரசன் மறுக்கிறான். என் மகன் என்றால் கழுவாய், அயலான் கொன்றால் கொலைத் தண்டனையா என்று கேட்கிறான். நல்ல கேள்விதான். ஆனால் கதைப்படியே அவன் செய்தது மரபுக்கு மாறானது. அதனால்தான் அது கதையாயிற்று. வழக்கமாக நடப்பதற்கு யார் காவியம் பாடுவார்கள்?

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டுக்காரர். சோழ அரசவையில் மந்திரியாக இருந்தவர் என்பது மரபு. மந்திரிகளின் வாயில் அவர் வைத்த சொற்கள் வெறும் கற்பனையாக இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுவதற்குக் காரணம் கல்வெட்டுகள்.

வேட்டைக்குப் போனவன் விலங்கைக் குறிவைத்தான். அம்பு தவறி ஒரு மனிதன் மேல் பாய்ந்தது. நாட்டார், அதாவது பல ஊர்கள் சேர்ந்த நாட்டுச் சபையினர், கூடினார்கள். கொன்றது உண்மை, கொல்லும் எண்ணம் இல்லை, ஆகவே இவன் சாக வேண்டியதில்லை, கோயிலில் விளக்கெரிக்கட்டும் என்று தீர்த்தார்கள். சோழர் காலத்துத் தமிழகத்தில் இப்படிப்பட்ட கல்வெட்டுகள் ஒன்றிரண்டல்ல. விளக்கு என்றால் ஒருநாள் ஏற்றிவிட்டுப் போவதல்ல, என்றும் அணையாத நந்தா விளக்கு. தஞ்சைப் பெரிய கோயில் கணக்குப்படி ஒரு விளக்குக்கு 96 ஆடு, நாள்தோறும் ஓர் உழக்கு நெய். அந்த ஆடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். கிழடானதும் செத்ததும் கழிந்து, குட்டிகள் அந்த இடத்தை நிரப்ப, எண்ணிக்கை குறையாமல் மந்தை நிற்க வேண்டும். ஒருவன் சாவுக்கு ஈடாகச் சாகாத மந்தை! இந்தச் சொல்லை ஒரு மேடையிலும் நான் கேட்டதில்லை.

தலை உருண்டிருக்க வேண்டிய வழக்கு ஒன்று உண்டென்றால் அது ஆதித்த கரிகாலன் கொலைதான். இராசராசனின் அண்ணன், பட்டத்து இளவரசன் கொலை. காட்டுமன்னார்கோயிலுக்கு அருகே உடையார்குடிக் கோயிலில், இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைத் துரோகிகள் என்று பெயர் சொல்லியே குறிக்கிறது. அவர்களுடையதும், பெண் கொடுத்தவர் எடுத்தவர் வரையிலான உறவினருடையதுமான உடைமைகளைப் பறிப்பது பற்றிப் பேசுகிறது. தலை வெட்டியதாகவோ கழுவேற்றியதாகவோ அதில் ஒரு சொல்லும் இல்லை. கொலை நடந்து பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலான பிறகு வெட்டிய கல்வெட்டு அது. வாய்தாவைக் கேலி செய்யும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக அந்தக் காலம் கருணைக் கடல் என்று நான் வாதாட வரவில்லை. உங்கள் எதிரணியில் அப்படிப் பேசுபவர்கள் வந்தால் அவர்களுக்கும் இதே மடல்தான். இன்னொரு கல்வெட்டைப் பாருங்கள். வரி கேட்டு வந்த அதிகாரியிடம், தான் வரி கொடுக்க வேண்டியவளல்ல என்றாள் ஒரு பெண். அவளைச் சத்தியச் சோதனைக்கு உட்படுத்தினான். அவள் நஞ்சுண்டு இறந்தாள். பல நாட்டாரும் கூடி அவன்மேல் குற்றம் என்றுதான் முடிவு செய்தார்கள். தண்டனை? கோயில் விளக்குக்கு 32 காசு. இத்தகைய கல்வெட்டுகளில் கோயிலுக்கு வந்தது கணக்காக இருக்கும். செத்தவர் வீட்டுக்கு என்ன கிடைத்தது என்று தேடினால் பெரும்பாலும் கை வெறுமைதான். உடையார்குடியிலும் குற்றம் செய்தவனோடு சேர்ந்து அவன் உறவும் அல்லவா தெருவுக்கு வந்தது.

உத்தரமேரூரை நீங்கள் குடவோலைக்காக மட்டும் சொல்கிறீர்கள். 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் யார் வாரியத்துக்கு, அதாவது ஊர்ச்சபையின் குழுவுக்கு, வரக்கூடாது என்ற பட்டியலைப் படித்துக் காட்டுங்களேன், கூட்டம் சிரிக்கும், பிறகு யோசிக்கும். பிறர் பொருளைக் கவர்ந்தவன், பொய் ஆவணம் எழுதியவன், கழுதை மேல் ஏறியவன். கழுதையில் ஏற்றி ஊர்வலம் விடுவது தண்டனையாக இருந்ததை வேறெப்படி விளங்கிக்கொள்வது? முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கும் இடமில்லை, அவனுடைய நெருங்கிய உறவினருக்கும் இல்லை. இத்தனை கண்டிப்பான சபைக்குள் நிலமும் மறையறிவும் உள்ள பிராமணர் மட்டுமே நுழைய முடிந்தது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

உடனடித் தண்டனைக்குத் தமிழில் மேற்கோள் வேண்டும் என்றால் கோவலன் இருக்கிறான். விசாரணை இல்லை, வாய்தா இல்லை. பொற்கொல்லன் சொன்னான், பாண்டியன் ஆணையிட்டான், அன்றே வெட்டினார்கள். உங்களில் பலர் பாண்டியன் அரியணையில் விழுந்து செத்ததைப் புகழ்ந்தே பத்து நிமிடம் பேசுகிறீர்கள். அவன் ஏன் சாக நேர்ந்தது என்பதற்கு ஒரு நிமிடம் ஒதுக்கக் கூடாதா?

மனுநீதிச் சோழனை விட்டுவிடச் சொல்லவில்லை. மணியோசையும் தேரும் இல்லாமல் மேடை களைகட்டாது என்பது எனக்கும் தெரியும். அடுத்த முறை மந்திரிகளுக்கும் இரண்டு நிமிடம் கொடுங்கள், அவ்வளவுதான். கைதட்டல் குறைந்தால் முன்வரிசையில் இருந்து நான் தட்டுகிறேன்.

இப்படிக்கு,
பாயைச் சுருட்டாத ஒரு ரசிகன்