செல்ட்சருக்கு ஃபிளேவர் கடைசில தான் வரும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க தொழில் பக்கத்துல ஹார்ட் செல்ட்சர் தயாரிக்க ஆசைப்படறவங்களுக்குன்னு ஒரு கட்டுரை வந்துச்சு. நல்லா தான் எழுதியிருந்தாங்க, குறை சொல்ல வரல. ஆனா அதுல முதல்ல எந்தப் பழம்னு முடிவு பண்ணிடுங்க, மிச்சமெல்லாம் தானா வந்துடும்னு ஒரு வரி இருந்துச்சு பாருங்க, அதைத் தான் என்னால ஜீரணிக்க முடியல. பானம் கலக்கற லேப்ல பல வருஷம் உக்காந்து கலக்கி கலக்கி கீழ கொட்டினவன் நான், அந்த வரியை நம்பி யாராவது காசை இறக்கிடுவாங்களோன்னு தான் இந்த லெட்டர்.

ஹார்ட் செல்ட்சர்ல என்னங்க இருக்கு? தண்ணி, கேஸ், சுமார் 5 சதவீதம் ஆல்கஹால், கொஞ்சூண்டு ஃபிளேவர், கொஞ்சம் புளிப்பு, அவ்வளவு தான். பீர்ல ஏதாவது கோளாறுன்னா மால்ட்டும் (முளை கட்டி உலர்த்தின பார்லி) ஹாப்ஸும் (கசப்பு குடுக்கற பூ) மூடி மறைச்சிடும், ஒயின்ல துவர்ப்பு காப்பாத்தும், இதுல தப்பு ஒளிஞ்சுக்க இடமே கிடையாது. அதனால தண்ணில இருந்து தான் ஆரம்பிக்கணும். பானத்துல 90 சதவீதத்துக்கு மேல அது தானே. குளோரின் வாடை லேசா மிச்சம் இருந்தாலும் ஈஸ்ட் கூட சேந்து மருந்து நாத்தம் அடிக்கும், அதனால தான் கார்பன் ஃபில்டர், ஆர்ஓ எல்லாம் போட்டு தண்ணிய வெறுமையாக்கி அப்புறம் தேவையான உப்பை நாமளே போடுறது.

அடுத்தது ஆல்கஹால் எங்க இருந்து வருதுங்கறது. மூணு வழி இருக்கு, மால்ட்ல இருந்து, சர்க்கரைய புளிக்க வச்சு, இல்ல வோட்கா மாதிரி காய்ச்சி வடிச்ச சரக்கை ஊத்தி. அமெரிக்கால சர்க்கரை வழி இவ்வளவு பரவுனதுக்கு ருசி மட்டும் காரணம் இல்ல, புளிக்க வச்சதுக்கு பீர் வரி, வடிச்ச சரக்குக்கு அதை விட ஜாஸ்தி வரி, அதான் விஷயம். 2013ல ஸ்பைக்ட் செல்ட்சர்ங்கற பிராண்ட் வந்தப்போ யாரும் பெருசா கண்டுக்கல, 2016ல ஒயிட் கிளா, ட்ரூலிங்கற பிராண்டுகள் வந்தப்புறம் தான் எல்லாரும் இந்தப் பக்கம் ஓடி வந்தாங்க.

சர்க்கரைத் தண்ணிய புளிக்க வைக்கறதுல என்ன பெரிய வித்தைன்னு நினைக்கறவங்க ஒரு தடவை செஞ்சு பாக்கணும். மால்ட்ல ஈஸ்டுக்கு வேண்டிய நைட்ரஜன், வைட்டமின், தாது எல்லாம் தானா இருக்கும், வெறும் சர்க்கரைல ஒண்ணும் கிடையாது, பட்டினி கிடக்கற ஈஸ்ட் அழுகின முட்டை வாடைய விட்டுடும். அதோட புளிப்பைத் தாங்கிப் பிடிக்க அதுல ஒண்ணும் இல்லாததால பிஎச் (எண் குறைய குறைய புளிப்பு ஜாஸ்தி) கிடுகிடுன்னு 3க்குக் கீழ போயிடும், ஈஸ்ட் பாதி வழில படுத்துக்கும். அதனால ஈஸ்ட் நியூட்ரியன்ட், துத்தநாகம், பிஎச்சைத் தூக்கிப் பிடிக்க பொட்டாசியம் பைகார்பனேட்னு பாத்துப் பாத்துக் கொடுக்கணும். அப்படியும் கொஞ்சம் வாடை நிக்கும், கார்பன்ல வடிகட்டி எடுக்கணும். நிறைய பேர் 12, 14 சதவீதம் வரைக்கும் புளிக்க வச்சு அப்புறம் ஆக்சிஜன் நீக்கின தண்ணி ஊத்தி 5க்குக் கொண்டு வருவாங்க, அதுல வாடையும் சேந்தே குறையும்ங்கறது ஒரு லாபம்.

இப்ப பழத்துக்கு வரேன். 355 மில்லி கேன்ல 100 கலோரின்னு போடுறாங்கல்ல, கணக்கு போட்டுப் பாருங்க, 5 சதவீதம்னா ஏறக்குறைய 14 கிராம் ஆல்கஹால், கிராமுக்கு 7 கலோரி, அதுவே 98 ஆச்சு. சர்க்கரைக்கு இடம் எங்க இருக்கு? கட்டுரைல சொன்ன மாதிரி நிஜ ஜூஸ் ஊத்தறேன்னா அதுவும் 5 சதவீதம் தான் ஊத்த முடியும், அதுலயே ஒரு கேனுக்கு 2 கிராம் கிட்ட சர்க்கரை ஏறிடும். ஏறுனா கலோரி மட்டுமா பிரச்சனை, ஒரு தடவை நாங்க ராஸ்பெர்ரி ஜூஸ் போட்ட ஒரு பேட்ச்சை சரியா பாஸ்சரைஸ் பண்ணாம கேன்ல அடைச்சு வச்சோம், எப்படியோ தப்பிச்ச ஈஸ்ட் உள்ளயே மறுபடி வேலைய ஆரம்பிச்சிடுச்சு, மூணாவது வாரம் கேன் எல்லாம் அடிப்பக்கம் உப்பி நிக்குது, ரெண்டு வெடிச்சு கூரைல அடிச்சுது. லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை புளிச்சாலே ஒரு வால்யூம், அதாவது ஒரு லிட்டர் பானத்துக்கு ஒரு லிட்டர் கேஸ் கூடும்ங்க, ஏற்கனவே 2.8, 3ன்னு அடைச்சு வச்ச கேன்ல அது என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. அன்னிக்கு யாரும் பக்கத்துல இல்லாதது அதிர்ஷ்டம். சர்பேட், பென்சோயேட் மாதிரி கெடாம வைக்கற மருந்தைப் போட்டா போச்சுன்னு சொல்லுவாங்க, அது ஈஸ்டை அடக்கி தான் வைக்கும், கூட்டமா இருந்தா அடங்காது. பென்சோயேட்டையும் வைட்டமின் சியையும் ஒரே கேன்ல போடவே கூடாது, பென்சீன் உண்டாக வாய்ப்பு இருக்கு.

அதனால தான் பெரும்பாலும் ஃபிளேவர் எசென்ஸ். இங்கயும் பேர் பாத்து வாங்கற வேலை ஆகாது. எலுமிச்சை வாசனைக்கு காரணமான சிட்ரால் புளிப்பான பானத்துல நிக்காது, மெல்ல மெல்ல உடைஞ்சு ஒரு மாதிரி தரை துடைக்கற லோஷன் வாடைக்குப் போயிடும். ஆரஞ்சு, எலுமிச்சை எண்ணெய்ல இருக்கற லிமோனீனை கேனோட உள்பூச்சு உறிஞ்சிக்கும், மிச்சம் இருக்கறது தண்ணில கரையாம மேல வளையமா மிதக்கும். அதுக்கு டெர்பீன், அதாவது லிமோனீன் மாதிரி சமாச்சாரம், நீக்கின எண்ணெய் கேட்டு வாங்கணும். வெள்ளரி, தர்பூசணி மாதிரி மெல்லிசான வாசனை இன்னிக்கு அருமையா இருக்கும், ரெண்டு மாசத்துல எங்க போச்சுன்னே தெரியாது. செர்ரியோட பாதாம் வாசனை இதுங்களை விட தாக்குப் பிடிக்கும். எந்தப் பழம் பிடிக்கும்னு கேக்கறதை விட எந்த வாசனை கேன்ல ஆறு மாசம் உயிரோட இருக்கும்னு கேக்கறது தான் வியாபாரம்.

புளிப்பு பத்தி அந்தக் கட்டுரைல ஒரு வார்த்தை இல்ல, எனக்கு அது தான் பெரிய ஆச்சரியம். இனிப்பே இல்லாத பானத்துல பழம்னு நாக்கு நம்பறதே புளிப்பை வச்சு தானே. சிட்ரிக் ஆசிட் சட்டுனு முன்னாடி அடிச்சுட்டு போயிடும், மாலிக் மெதுவா வந்து நின்னு பேசும், ஆப்பிளுக்கும் பெர்ரிக்கும் மாலிக் கூட்டி வச்சா போட்ட எசென்ஸே ரெண்டு மடங்கு தெரியும், திராட்சைக்கு டார்டாரிக். கேஸும் தன் பங்குக்கு ஒரு கடி கடிக்கும்ங்கறதை மறந்துட்டு புளிப்பை ஏத்தினா பல் கூசும். பிஎச் 3.2ல நின்னாலும் வாய் சுருங்குதுன்னா கொஞ்சம் சோடியம் சிட்ரேட் போட்டு ஆசிடையும் சரி பண்ணணும், மீட்டர் சொல்றது ஒண்ணு நாக்கு சொல்றது ஒண்ணு.

இன்னொரு தப்பு எல்லாரும் பண்றது, கேஸ் இல்லாத பானத்துல ரூம் சூட்டுல எசென்ஸை சொட்டு சொட்டா விட்டு ஆஹா இது தான்னு முடிவு கட்டறது. குடிக்கறவன் 4 டிகிரில கேஸோட குடிக்கறான், ஜில்லுல வாசனை அடங்கும், கேஸ் அதைத் தூக்கும், புளிப்பு கூடும், எல்லாமே மாறும். ஆயிரம் பங்கு பானத்துக்கு ஒண்ணு, ஒன்றரை, ரெண்டு பங்கு எசென்ஸ்னு அளவு போட்டு கேஸ் ஏத்தி ஜில்லுன்னு ருசி பாத்து, பிடிச்சதை சூடான ரூம்ல நாலு வாரம் போட்டு மறுபடி பாருங்க. மூணு கிளாஸ்ல ரெண்டு ஒண்ணா இருக்கற மாதிரி வச்சு வேறயா இருக்கறதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்க, அதுலயே பாதி பேரோட கர்வம் இறங்கிடும், என்னோடதும் இறங்கிருக்கு.

லேபிள்ல பெருசா பழத்துண்டு படம் போட்டு உள்ள ஒரு துளி ஜூஸ் இல்லாம விக்கறதைப் பத்தியும் எழுதுங்க ஐயா. இயற்கை ஃபிளேவர்னு போட்டா அந்தப் பழத்துல இருந்தே வந்துச்சுன்னு நினைச்சுக்கறாங்க, அமெரிக்க விதில வேற இயற்கை ஃபிளேவரும் சேந்ததுன்னு தனியா ஒரு வாசகமே இருக்கு, அதை யாரும் படிக்கறதில்ல.

கட்டுரையோட ரெண்டாம் பாகம் வரும்னு போட்டிருந்தீங்க. அதை தண்ணில இருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்க, பழத்தை கடைசி பத்தில வச்சா போதும்.

இப்படிக்கு,
ஒரு பழைய லேப் ஆளு