அட்டையில் ஒரு பெயர் குறைகிறது

அன்பு மகளுக்கு,

உங்கள் குழுவின் முதல் சிங்கிள் அடுத்த மாதம் வெளியாகிறது என்று தெரிந்ததிலிருந்து அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். பாட்டை நானும் கேட்டேன். பறையை முன்னால் வைத்து, கிதாரைப் பின்னால் தள்ளியிருக்கிறீர்கள், நன்றாக இருக்கிறது. இரண்டாம் சரணத்தில் உன் குரல் கொஞ்சம் அவசரப்படுகிறது, அதைப் பிறகு பேசலாம். என்னை உறுத்துவது நீ அனுப்பிய சிங்கிள் அட்டையின் கீழே இருக்கும் வரி: 'பாரம்பரியப் பாடல். இசையமைப்பு: குழுவினர்.'

யார் வீட்டுப் பாரம்பரியம், கண்ணு? டர்பனில், நம் சாட்ஸ்வொர்த்தில், பின் தெருவில் இருக்கும் கூத்துத் தாத்தா கட்டிய மெட்டு அது. இங்கே எல்லாரும் 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று சொல்லும் தெருக்கூத்தில் திரௌபதி வேடம் கட்டி விடிய விடிய ஆடியவர். சொற்களில் பாதி பழைய அம்மன் பாட்டிலிருந்து வந்தவை, ஒப்புக்கொள்கிறேன். மெட்டு முழுக்க அவருடையது. நீ சின்னப் பெண்ணாக அவர் திண்ணையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதுதானே?

நீ சுவரில் படம் மாட்டி வைத்திருக்கும் அமெரிக்க நாட்டுப்பாடல் குழு வீவர்ஸையே எடுத்துக்கொள். 1952இல் அமெரிக்காவில் அவர்களுக்குப் பெரிய வெற்றி தேடித்தந்த 'விமோவே' எங்கிருந்து போனது? தென்னாப்பிரிக்காவில் நம் நேட்டாலிலிருந்துதான். ம்சிங்காவில் பிறந்த சாலமன் லிண்டா, பிழைப்புக்காக ஜோகன்னஸ்பர்க் போய், காலோ இசைத்தட்டுக் கம்பெனியில் தட்டுகளைக் கட்டி அடுக்கும் வேலை பார்த்தவர். 1939இல் அதே கம்பெனிக்காகத் தன் குழுவோடு 'ம்பூபே' பாடினார். பாட்டு முடியப் போகிற நேரத்தில் மேல்குரலில் அவர் எடுத்துவிட்ட சில சுரங்கள்தாம் பிறகு உலகம் முழுக்கப் போயின. உரிமைக்காக அவர் கைக்கு வந்தது பத்து ஷில்லிங் என்கிறார்கள்.

அந்தத் தட்டு நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் வழியாக வீவர்ஸ் குழுவின் பீட் சீகரிடம் போய்ச் சேர்ந்தது. 'ம்பூபே'யை வீவர்ஸ் 'விமோவே' என்று பாடினார்கள். பாட்டை எழுதியவர் என்று தட்டில் போட்ட பெயர் பால் கேம்பெல். அப்படி ஓர் ஆள் பிறக்கவே இல்லை! பழைய நாட்டுப் பாடல்களுக்கு உரிமை பதிவு செய்ய வைத்திருந்த புனைபெயர். அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். தங்கள் கொள்கைக்காக மேடையும் வேலையும் இழந்தவர்கள். விவரம் தெரிந்த பிறகு சீகர் லிண்டாவுக்கு ஆயிரம் டாலர் அனுப்பினார் என்றும் படித்திருக்கிறேன். ஆனால் தட்டில் பெயர் அப்படியே இருந்தது. 1961இல் டோக்கன்ஸ் குழு அதை 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' ஆக்கி முதலிடத்துக்குக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டே லிண்டா சோவெட்டோவில் வறுமையில் இறந்தார். கல்லறைக்குக் கல் வைக்கக்கூட வீட்டில் பணம் இல்லை.

வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்தே காலம் தள்ளிய எனக்கு இதன் பின்பாதிதான் பிடிக்கும். 1911ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பேரரசுப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவு: ஆசிரியர் உரிமையை விற்றிருந்தாலும், இறந்து 25 ஆண்டு கழித்து அது வாரிசுகளுக்கே திரும்பும். 1962உடன் கூட்டிப் பார், 1987. யாரும் கவனிக்கவில்லை. 2000இல் ரியான் மலான் என்ற பத்திரிகையாளர் எழுதிய பிறகுதான் விஷயம் கிளம்பியது. 2004இல் லிண்டாவின் மகள்கள் தரப்பில், 'தி லயன் கிங்' படத்தில் அந்தப் பாட்டைப் பயன்படுத்திய டிஸ்னி மீது வழக்குப் போட்டார்கள். 2006இல் சமரசம் ஆனது. பணமும் வந்தது, இசையமைத்தவர்களில் ஒருவராக லிண்டாவின் பெயரும் ஏறியது. பெயர் ஏற ஏறக்குறைய எழுபது ஆண்டு!

'தாத்தா சந்தோஷமாகத்தானே சொல்லிக்கொடுத்தார்' என்பாய். சொல்லிக்கொடுத்ததும் உரிமையை எழுதிக்கொடுத்ததும் ஒன்றா? லிண்டாவாவது ஒரு தாளில் கையெழுத்துப் போட்டவர். தாத்தா எதிலும் போடவில்லை. பாட்டு ஓடாவிட்டால் உனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஓடிவிட்டால் அவருடைய பேரன்மார் உன்னிடம் கேட்பார்கள், நான் அவர்கள் பக்கம்தான் நிற்பேன்.

ஆகவே அட்டை அச்சுக்குப் போகுமுன் 'மெட்டு' என்று போட்டு அவர் பெயரை முழுதாக எழுது. யாருக்கு எத்தனை பங்கு என்று குறிக்கும் தாளை உன் கம்பெனியிடம் வாங்கி எனக்கு அனுப்பு. இசை உரிமைத் தொகை வசூலித்துத் தரும் சாம்ரோ அமைப்பில் அவரைச் சேர்க்க வேண்டிய விண்ணப்பத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். ஈஸ்டர் சமயத்துத் திருவிழா நெருங்கிவிட்டால் அவர் இசிபிங்கோ மாரியம்மன் கோவிலே கதி என்று கிடப்பார், பிடிக்க முடியாது. அதற்கு முன் தாளில் உள்ளதைத் தமிழில் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். பங்குக் கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினால் அதே உறையில் திருப்பி அனுப்பிவிடுவேன், சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அம்மா