"சைவத் தபாஸ் நடை" என்று விற்றுவிட்டு அம்மாவுக்குப் பன்றிக்கறி கொடுத்தது பற்றி: முழுப் பணமும் திரும்ப வேண்டும்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அதிகாரி
நாள்: ஜூலை 7, 2025
பொருள்: மே 26, ஸ்பெயினின் செவில் நகரம், நான்கு பேருக்கான மாலைத் தபாஸ் நடை (பார் பாராக நடந்து, தபா என்ற சின்னத் தட்டு உணவுகளைச் சாப்பிடும் சுற்று)

ஐயா / அம்மா,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் ஆறாவது கடிதம். முதல் ஐந்துக்கும் தானாக வருகிற ஒரே பதில்தான் வந்தது, 48 மணி நேரத்தில் தொடர்புகொள்வோம் என்று. ஆறு வாரம் ஆகிவிட்டது. இடையில் ஒன்பது முறை போன் செய்திருக்கிறேன், மூன்று புகார் எண் கொடுத்திருக்கிறீர்கள், ஒவ்வொரு முறையும் புது ஆள், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு அலுத்துவிட்டது. இந்த முறை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன், தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

அப்பாவுக்கு ஏப்ரலில் எழுபது முடிந்து பீமரத சாந்தி செய்தோம். அது முடிந்த கையோடு அப்பா, அம்மா, கணவர், நான் நான்கு பேரும் ஸ்பெயின் கிளம்பினோம். அம்மாவும் அப்பாவும் பிறந்ததிலிருந்து அசைவம் தொட்டதில்லை. அதனால்தான் நானாக ஏதோ ஒரு பாரில் நுழைந்து மாட்டிக்கொள்ள வேண்டாம், விவரம் தெரிந்தவர்கள் கூட்டிப்போகட்டும் என்று உங்கள் ஆப்பில் தேடி, "சைவத்துக்கு ஏற்றது" என்று பச்சை இலைக் குறி போட்டிருந்த நடையைப் பதிவு செய்தேன். திரியானா பகுதி, ஐந்து பார், எட்டுத் தபா, மூன்றரை மணி நேரம், தலைக்கு 79 யூரோ. கார்டில் ரூ. 29,860 போனது. உணவு விருப்பம் என்ற இடத்தில் "இறைச்சி, மீன் கிடையாது, ஹமோன் கிடையாது, இருவர் முட்டையும் சாப்பிட மாட்டார்கள்" என்று எழுதினேன். ஹமோன் என்றால் உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடைக் கறி. போதாது என்று கிளம்புவதற்கு முந்தின வாரம் உங்கள் கஸ்டமர் கேரில் கேட்டேன், "வழிகாட்டிக்குத் தகவல் போயிருக்கிறது மேடம், கவலையே வேண்டாம்" என்றார்கள்.

சரி, என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் மே 26, அந்தத் திங்கட்கிழமை இரவு உங்கள் ஆள் போனில் பேசிய பேச்சுதான் முதலில் நினைவுக்கு வருகிறது, அதைச் சொல்லாமல் மேலே எழுத முடியவில்லை.

இரவு ஒன்பதேகால் இருக்கும். அங்கே மே மாதத்தில் ஒன்பதரைக்கு மேல்தான் இருட்டுகிறது, வெளிச்சம் இன்னும் இருந்தது. ஒரு பார் வாசலில் அம்மா குடை நாற்காலியில் உட்கார்ந்து வாயைக் கழுவிக் கழுவித் துப்பிக்கொண்டிருக்கிறார். நான் உங்கள் அவசர எண்ணுக்கு ரோமிங்கில் கூப்பிட்டு 22 நிமிடம் பாட்டுக் கேட்டுக் காத்திருந்த பிறகு ஒருவர் எடுத்தார். சைவம் என்று சொல்லியும் என் அம்மாவுக்குப் பன்றிக்கறி கொடுத்துவிட்டார்கள் என்றேன். அவர் சொன்னது இது, ஒரு வார்த்தை கூட மாற்றாமல் எழுதுகிறேன்: "மேடம், ஸ்பெயின் போனா பன்றி இல்லாம சாப்பாடு ஏது? தபாஸ்னாலே சின்னச் சின்னத் துண்டுதான். எடுத்துப் போட்டுட்டு சாப்பிடச் சொல்லுங்க பாட்டிய." நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் "வேற ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்டு வைத்துவிட்டார். ஒலிப்பதிவு செய்யப்படுகிறது என்று ஒவ்வொரு அழைப்பின் தொடக்கத்திலும் நீங்களே சொல்கிறீர்கள் அல்லவா, எடுத்துக் கேளுங்கள். எழுபதைத் தொடப்போகிற ஒரு மனுஷியைப் பற்றி இப்படிப் பேசலாமா? அதுவும் நம்ம ஊர்ப் பையன், தமிழில் பேச 3 அழுத்தி வந்தவர். சைவம் என்றால் என்ன என்று அவருக்கு நான் விளக்க வேண்டியிருந்ததா?

ஸ்பெயினில் பன்றி இல்லாமல் சாப்பாடு ஏது என்று அவர் கேட்டதற்கும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அது பொய். வியாழக்கிழமை மதியம் நாங்களே விசாரித்துக்கொண்டு எல் ரின்கொன்சியோ என்ற பாருக்குப் போனோம். 1670ல் தொடங்கிய இடம், கணக்கை இன்றைக்கும் மரக் கவுண்டர் மேலேயே சாக்பீஸால் எழுதுகிறார்கள். அங்கே எஸ்பினாகாஸ் கோன் கர்பன்சோஸ் வாங்கினோம், கீரையும் கொண்டைக்கடலையும் சேர்ந்தது. வாயில் வைத்ததும் அம்மா, "அட, சீரகம் போட்டிருக்காங்கடி" என்றார். நாலு நாளில் அன்றைக்குத்தான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். அவருக்கு நின்றுகொண்டு சாப்பிட்டுப் பழக்கமே இல்லை, அங்கே நின்றபடியே இரண்டு தட்டு சாப்பிட்டார். நான்கு பேருக்கும் சேர்த்து முப்பது யூரோ கூட ஆகவில்லை. உங்களுக்கு நாங்கள் கொடுத்தது 316.

இனி திங்கட்கிழமைக்கு வருகிறேன். ஆறரை மணிக்குத் திரியானா பாலத்தில் சந்திப்பு என்று வவுச்சரில் இருந்தது. பாலத்துக்கு இரண்டு முனை உண்டு, எந்த முனை என்று எழுதவில்லை. நாங்கள் திரியானா பக்கத்து அல்தோசானோ சதுக்கத்தில் நின்றோம், வழிகாட்டிப் பெண்ணுக்கு ஆற்றின் அந்தக் கரை என்று சொல்லியிருக்கிறீர்கள். நாற்பது நிமிடம் போயிற்று. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல பெண். நாங்கள் சைவம் என்றதும் முகம் மாறிவிட்டது. தன் போனில் உங்கள் பதிவுத் தாளைத் திறந்து காட்டினார், உணவு விருப்பம் என்ற இடம் காலி. போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், இணைத்திருக்கிறேன்.

முதல் பாரில் சல்மொரெஹோ. தக்காளி, ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் அரைத்துச் செய்கிற அந்தக் குளிர்ந்த கூழ், சைவந்தான். ஆனால் மேலே வழக்கமாக ஹமோன் துருவலும் அவித்த முட்டையும் தூவித்தான் தருவார்கள், தூவாமல் கேட்க வேண்டும், இது நீங்கள் விற்கிற பொருள், நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான்கு கிண்ணமும் தூவியே வந்தது, திருப்பி அனுப்பினோம். இரண்டாவது பாரில் கீரைக் குரோகேத்தா, அதாவது பொரித்த உருண்டை, என்று கொண்டுவந்து வைத்தார்கள். வழிகாட்டியும் கீரைதான் என்றார். அம்மா பசியில் ஒன்றை எடுத்துப் பாதி கடித்த பிறகுதான் உள்ளே சிவப்பாக ஏதோ தெரிந்தது. பரிமாறியவரிடம் கேட்டால், "கார்னே இல்லை, ஹமோன்தான்" என்கிறார். அங்கே பலருக்கு இறைச்சி வேறு, ஹமோன் வேறு. அந்த ஊரில் நடை நடத்துகிற உங்களுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்துதானே என்னிடம் கேட்டு வாங்கி வைத்தீர்கள்? வாங்கிய தகவலை எங்கே போட்டீர்கள்?

பார்க்காரர் ஓடி வந்து மன்னிப்புக் கேட்டார். பாஷை தெரியாவிட்டாலும் கை கூப்பியது புரிந்தது. கத்திரிக்காயை வறுத்துக் கரும்புப் பாகு ஊற்றி அவரே கொண்டுவந்து வைத்தார், காசு வாங்கவில்லை. ஆந்தலூசியாவில் எல்லாக் கடையிலும் வைத்திருக்க வேண்டிய புகார்ப் படிவத்தையும் எடுத்து நீட்டினார், வேண்டுமானால் எழுதுங்கள் என்று. நான் எழுதவில்லை. தப்பு அவருடையது அல்ல. அதற்குள் அம்மா வெளியே போய்விட்டார், அந்தக் கத்திரிக்காயைக் கூடத் தொடவில்லை. அன்றிரவு ஓட்டலில் கோயம்புத்தூரிலிருந்து கொண்டுபோன தட்டையைத் தின்று தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார். அதற்குப் பிறகு இரண்டு நாள் எந்தக் கடைக்கு வந்தாலும் தட்டைப் பார்த்துப் பயம், ரொட்டி, ஆலிவ், பழம் இவ்வளவுதான்.

மூன்றாவது பாருக்கு நாங்கள் போகவில்லை, நான்காவது மூடியிருந்தது. கதவில் "லூனெஸ் செர்ராதோ" என்று எழுதி ஒட்டியிருந்தது, திங்கள் விடுமுறை. திங்கட்கிழமை விடுமுறை விடுகிற பாரைத் திங்கட்கிழமை நடையில் எப்படிச் சேர்த்தீர்கள்? இன்னொன்று, உங்கள் விளம்பரத்தில் "ஒவ்வொரு பானத்துக்கும் ஒரு தபா இலவசம்" என்று போட்டிருக்கிறது. அது கிரானடா நகரத்து வழக்கம். செவிலில் தட்டுக்குத் தட்டு காசு, பானத்துக்கும் காசு. வழிகாட்டியே வெட்கப்பட்டுச் சொன்னார். பழச்சாறுக்கும் சோடாவுக்கும் 28 யூரோ தனியாகக் கொடுத்தோம். கிரானடா பக்கத்திலிருந்து எடுத்து செவில் பக்கத்தில் ஒட்டியிருக்கிறீர்கள், ஆறு வாரம் கழித்து இன்று காலை பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது. பச்சை இலையும் அப்படியே இருக்கிறது.

இதோடு விட்டிருந்தாலும் ரூ. 29,860 போனால் போகட்டும் என்று இருந்திருப்பேன். புதன்கிழமை செய்ததுதான் மன்னிக்க முடியாதது. செவ்வாய் காலை உங்களிடமிருந்து செய்தி வந்தது, வருந்துகிறோம், கட்டணமில்லாமல் புதன் மாலை 5 மணிக்கு மறுபதிவு செய்துவிட்டோம், முழுச் சைவம், இடம் அலமேதா தெ எர்குலெஸ் சதுக்கம் என்று. நான் சந்தோஷப்பட்டேன். அம்மா வரவே மாட்டேன் என்றார், கெஞ்சிக் கூட்டிப் போனேன். சாந்தா குருஸ் பகுதிச் சந்துக்குள் டாக்சி வராது, வெயிலில் இருவரையும் நடத்தி வெளியே கூட்டிவந்து டாக்சி பிடித்து ஐந்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தோம். நீங்கள் குறிப்பிட்ட பார் ஷட்டர் போட்டுக் கிடந்தது. அந்த ரோமானியத் தூண்கள் இருக்கிறதே, மேலே எர்குலெஸ் சிலையும் சீசர் சிலையும் நிற்கிற தூண்கள், அதன் அடியில் கிடைத்த நிழலில் அப்பாவை உட்கார வைத்தேன். 5.04க்கு எடுத்த படம் இணைப்பில். 6.20 வரை இருந்தோம். யாரும் வரவில்லை, உங்கள் எண்ணை யாரும் எடுக்கவில்லை. பக்கத்துக் கடையில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்தான் பரிதாபப்பட்டு வந்து, "கொசினா, ஓச்சோ இ மெதியா" என்றார். அடுப்பு எட்டரைக்குத்தான்.

மதியம் நாலு மணிக்கு மேல் இரவு எட்டு வரை பெரும்பாலான பார்களில் சமையலறை மூடியிருக்கும் என்பது அந்த ஊரில் நாற்காலி அடுக்குகிறவருக்குத் தெரிகிறது, எனக்கே மூன்று நாளில் தெரிந்துவிட்டது. தபாஸ் நடை விற்கிற நிறுவனம் 5 மணிக்கு நடை போடுகிறது! இருக்கிற நடையைத்தான் போட்டீர்களா, இல்லை என் வாயை அடைக்க ஏதோ ஒரு நேரத்தைக் கிளிக் செய்துவிட்டீர்களா? எனக்கு இரண்டாவதுதான் என்று படுகிறது.

ஊர் திரும்பி ரீஃபண்ட் கேட்டால், "வாடிக்கையாளர் வரவில்லை, எனவே பணம் திருப்ப இயலாது" என்கிறீர்கள். நாங்கள் வரவில்லையாம். எழுபது வயது மனிதரை ஒன்றேகால் மணி நேரம் வெயிலில் உட்கார வைத்துவிட்டு, வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லெண்ணமாக 20 யூரோ கூப்பன் தருகிறீர்கள், 90 நாளில் அடுத்த நடை பதிவு செய்ய. எங்களுக்கு வேண்டாம். அப்பா இனி இவ்வளவு தூரம் விமானத்தில் வருவாரா என்பதே சந்தேகம். அந்தப் பயணமே எங்களுக்குப் பாழ், லட்ச ரூபாய் கொடுத்தாலும் அந்த நாட்கள் திரும்பி வராது.

உங்கள் நிறுவனத்தில் எல்லாரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. ஏழாவது அழைப்பில் பேசிய பெண் பொறுமையாகக் கேட்டார், மேலே அனுப்புகிறேன் என்றார். மேலே யார் இருக்கிறீர்களோ தெரியவில்லை, நீங்கள்தான் படிக்க வேண்டும் என்று இதை எழுதுகிறேன். கேட்பது இவ்வளவுதான். ரூ. 29,860 முழுவதும், பானத்துக்குக் கொடுத்த 28 யூரோ, புதன்கிழமை டாக்சி 19 யூரோ, ரோமிங் ரூ. 1,140, எல்லாம் ஜூலை 21க்குள் என் கார்டுக்கு வர வேண்டும். "வரவில்லை" என்ற பதிவை நீக்க வேண்டும். பச்சை இலையையும் இலவசத் தபா வரியையும் அந்தப் பக்கத்திலிருந்து இன்றே எடுங்கள், இன்னொரு குடும்பம் நம்பிப் போய் நிற்கக் கூடாது. அம்மா பெயருக்கு எழுத்தில் ஒரு மன்னிப்பு வேண்டும், தமிழில், அவர் படிக்கிற மாதிரி.

நடக்காவிட்டால், 2020 மின்வணிக விதிகளின்படி புகாரை 48 மணி நேரத்தில் பதிவுசெய்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது உங்கள் கடமை என்பதைக் காட்டி, முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்வேன், அப்புறம் கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கிற ஊரிலேயே போடலாம், ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கூடக் கிடையாது. அங்கே மன உளைச்சலுக்கு ஐம்பதாயிரம் சேர்த்துத்தான் கேட்பேன். கோர்ட்டுக்கு அலைய எனக்கு ஆசையில்லை, தயவுசெய்து அதுவரை கொண்டுபோகாதீர்கள்.

வவுச்சர், பதிவுத் தாளின் படம், கதவில் ஒட்டியிருந்த திங்கள் விடுமுறை அறிவிப்பு, தூணடியில் எடுத்த படம், டாக்சி ரசீதுகள், ஒன்பது அழைப்புகளின் பட்டியல் இணைத்திருக்கிறேன்.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள். போனில்தான் பேச வேண்டும் என்றால் காலை பத்து மணிக்கு மேல் கூப்பிடலாம், ஆனால் அன்றைக்கு அம்மாவைப் பாட்டி என்று பேசிய அந்த ஆளைக் கூப்பிட வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
நான்கு பேருக்குப் பதிவு செய்த வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்