சார் வண்டி கிளம்பிவிட்டது

அம்மாபேட்டை, சேலம்
ஞாயிறு இரவு

மாப்ளே குமரேசா,

உன் கடிதம் ரெண்டும் பெட்டி மேலேயே இருக்கின்றன. பார்க்கும்போதெல்லாம் மனசு குத்துகிறது. மூன்று மாதமாக எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்றே இல்லை, காரணம் கீழே வருகிறது. இங்கே எல்லோரும் சௌக்கியம். பாப்பா பன்னிரண்டாவது வந்துவிட்டாள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உன் வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று சாயங்காலம் ஆறு இருபதுக்குக் கணக்கு சார் வண்டி கிளம்பிவிட்டது.

போனில் சொல்லியிருக்கலாம். நீ "சரிடா, கடையில ஆள் நிக்குது" என்று ரெண்டு நிமிஷத்தில் வைத்துவிடுவாய். இது ரெண்டு நிமிஷத்தில் அடங்குகிற சமாச்சாரம் இல்லை.

எஸ்டேட் ஆபீசுக்குக் கணக்கு எழுத வாரம் மூன்று நாள் ஏற்காடு போய் வருகிறேன் என்று எழுதியிருந்தேன் இல்லையா? சாயங்கால பஸ்ஸை விட்டால் வீடு வந்து சேர எட்டரை ஆகிவிடும். ஒரு வண்டி இருந்தால் தேவலை என்று கண்ணங்குறிச்சியில் சாரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார். கிணற்றடி ஷெட்டில், தென்னை மட்டைக்கும் பழைய கட்டிலுக்கும் நடுவே நின்றது. அதே கறுப்பு ஹீரோ ஹோண்டா சிடி 100 பைக். ஒன்பது வருஷமாம். கை நடுக்கம் வந்ததிலிருந்து தொடவில்லையாம். அவர் மகன் பழைய இரும்புக்குப் போடச் சொல்லிக்கொண்டே இருக்கிறானாம். சார் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"அஞ்சாயிரம் குடு. சும்மா குடுத்தா நீ சும்மா கெடக்குற பொருளாத்தான் பார்ப்ப" என்றார். கொடுத்தேன்.

ஆக, நாற்பத்தேழு வயதில் என் முதல் வண்டி. நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். காலேஜ் நாளெல்லாம் உன் பின்சீட்டிலேயே போனவன் நான், அதன் பிறகு சைக்கிள். கியர் எந்தப் பக்கம் என்றுகூட அதுவரை யோசித்ததில்லை.

முதலில் பக்கத்து ரோட்டில் ஒரு பட்டறையில் விட்டேன். ரெண்டு வாரம் வெயிலில் போட்டு வைத்துவிட்டு, "இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கலாம்" என்றார்கள். போதாக்குறைக்கு அங்கிருந்த ஒரு பையன் கிக்கர் இறங்கவில்லை என்று ஏறி நின்று மிதிக்கப் பார்த்திருக்கிறான். நல்லவேளை, நம்ம மெக்கானிக் பாய் அந்தப் பக்கமாக வந்தவர் பார்த்துவிட்டார். அன்றே தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். பாய் சொன்னது இதுதான்: நின்ற வண்டியில் பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு துரு பிடித்து ஒட்டியிருக்கும். பலத்தைக் காட்டினால் ரிங் உடையும், சிலிண்டரில் கோடு விழும். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் கொஞ்சம் இஞ்சின் ஆயிலை ஊற்றிவிட்டுப் போய்த் தூங்கு.

தூங்கினேன். ரெண்டாம் நாள் டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டினோம். அசையவில்லை. மறுபடி ஆயில். நான்காம் நாள் காலையில் ஆட்டும்போது உள்ளே எதுவோ விட்டுக்கொடுத்தது கைக்குத் தெரிந்தது. சக்கரம் அரை விரற்கடை நகர்ந்தது. அப்புறம் ஒரு சாண். பிளக் ஓட்டை வழியாக 'புஸ்' என்று காற்று வந்தது. சார் நாற்காலியை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அதிலிருந்து ஞாயிறு தோறும் காலை ஏழு மணிக்கு நான் கண்ணங்குறிச்சியில் இருப்பேன். வண்டியை அவர் வீட்டுத் தாழ்வாரத்திலேயே வைத்து வேலை பார்த்தோம். பாய் பத்து மணிக்கு மேல் வந்து அரைமணி இருப்பார். மீதி நேரம் நானும் சாரும்தான். அவரால் ஸ்பானர் பிடிக்க முடியாது. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் நம்மை எப்படி மேய்த்தாரோ அப்படியே மேய்த்தார். "ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்து. ரெண்டை மாத்துனா எது விடைன்னு தெரியாது." காற்று, பெட்ரோல், பொறி, அழுத்தம், இந்த நாலும் சேர்ந்தால் ஓடும், ஒன்று இல்லாவிட்டாலும் ஓடாது, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வா என்று பாப்பாவின் நோட்டில் எழுதிக் கொடுத்தார். எழுத்து நடுங்கியிருந்தது. இருந்தாலும் ஸ்டெப் ஒன்று, ஸ்டெப் ரெண்டு என்று அடிக்கோடு போட்டிருந்தார்.

வண்டி எந்த நிலையில் இருந்தது தெரியுமா? ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள் எலி கூடு கட்டியிருந்தது, தேங்காய் நாரும் பீடிக்கட்டுக் காகிதமுமாக. சைலன்சர் வாயைக் குளவி மண்ணால் அடைத்திருந்தது. சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது. இஞ்சின் ஆயில் கரும்புப்பாகு மாதிரி இறங்கியது. டேங்க் மூடியைத் திறந்தால் பெட்ரோல் வாசனையே இல்லை, பழைய பெயிண்ட் கடைக்குள் நுழைந்த மாதிரி ஒரு நெடி. வடித்துப் பார்த்தால் டிகாஷன் நிறம், அடியில் துரு.

டேங்கைக் கழுவ ஆசிட் ஊற்றலாம் என்றார் பாய். டீச்சரம்மா உள்ளேயிருந்து, "பித்தளைக் குடத்துக்கே புளிதான், இதுக்கு என்ன" என்றார்கள். ரெண்டு கிலோ பழம்புளி கரைத்து, கூடவே ஒரு கை கூழாங்கல் போட்டு, ஊற வைப்பதும் குலுக்குவதுமாக ரெண்டு ராத்திரி. என் தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. கரைசல் சிவந்து சிவந்து வந்தது. கடைசியில் சோடா உப்புத் தண்ணீர் விட்டுப் புளிப்பை முறித்து, வெயிலில் காயவைத்து, மறுபடி துரு ஏறாமலிருக்க ஆயில் கலந்த பெட்ரோலைச் சுற்றிச் சுற்றி ஆட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளி மாதிரி இருந்தது மாப்ளே.

எல்லாவற்றையும் விட என்னைப் பிடித்து உட்கார வைத்தது கார்புரேட்டர்தான். உள்ளங்கையில் அடங்குகிற சாமான். ஒன்பது வருஷத்துப் பெட்ரோல் காய்ந்து அதற்குள் கோந்தாகிவிட்டது. அதில் பைலட் ஜெட் என்று ஒரு பித்தளைத் திருகு இருக்கிறது, சுண்டுவிரல் நகம் நீளம். வண்டி நின்ற இடத்தில் மெதுவாக ஓட அதன் நடுவே உள்ள ஓட்டைதான் பெட்ரோல் கொடுக்க வேண்டும். அந்த ஓட்டை மிக மிகச் சின்னது. இரும்புக் கம்பி விட்டுக் குத்தினால் ஓட்டை பெரிதாகி ஜெட் கெட்டுவிடும். பெட்ரோலில் ஊறவைத்து, காற்றடித்து, ஒயரிலிருந்து உரித்த செம்பு இழை ஒன்றை மட்டும் மெல்ல விட்டு எடுத்தேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். ஒன்றும் தெரியவில்லை. மறுபடி ஊறல், மறுபடி காற்று. ஐந்தாவது தடவையா ஆறாவது தடவையா தெரியாது, கிணற்றடி வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தபோது நடுவில் ஊசி முனையளவு ஒரு வெளிச்சம். அப்பா தறியில் அச்சுக்கு நூல் கோக்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாரே, அப்படியே நின்றேன். "வந்துடுச்சா?" என்று கேட்டு, சாரும் வாங்கிப் பார்த்தார். அவர் கை நடுக்கத்தில் அந்த ஓட்டையை வெளிச்சத்துக்கு நேரே நிறுத்த முடியவில்லை. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். பார்த்துவிட்டார்.

ஸ்பேருக்கு நான் பயந்த அளவு இல்லை. ஹீரோவும் ஹோண்டாவும் பிரிந்து எத்தனையோ வருஷம் ஆனாலும், ஸ்ப்ளெண்டரில் இருப்பதும் அதே 97.2 சிசி குடும்பம்தானே. பிளக், கிளட்ச் கேபிள், கேஸ்கெட் எல்லாம் எந்தக் கடையிலும் கிடைக்கிறது. ஒரு கடையில் மட்டும் டூப்ளிகேட் பிளக்கைக் கட்டிவிட்டார்கள். அதனால் ஒரு ஞாயிறு முழுக்க வீண். பொறி வருகிறதா என்று பார்க்க, பிளக்கைத் தொப்பியில் மாட்டி சிலிண்டர் தலையில் ஒட்டி வைத்து, இருட்டு கட்டிய பிறகு கிக்கரை உதைத்துப் பார்க்க வேண்டும். மஞ்சளாகச் சோர்ந்து வந்தது. வேறு பிளக் வாங்கி, பிளக் ஒயர் நுனியில் பச்சை ஏறியிருந்த பகுதியைக் கொஞ்சம் வெட்டிவிட்டு மாட்டியதும் நீலமாக 'சட்' 'சட்' என்று அடித்தது.

இன்று பாய்க்கு ஒரு கல்யாணம், வரவில்லை. நாங்கள் ரெண்டு பேர்தான். சோக்கை இழுத்து உதைத்தேன். பத்து உதை வரை ஒன்றுமில்லை. ஒரு தடவை பின்னால் உதைத்துக் கணுக்காலில் அடித்தது. சார் நிறுத்தச் சொல்லி, பெட்ரோல் டேப்பைப் பார்க்கச் சொன்னார். திறந்துதான் இருந்தது. "அப்ப உதை." பதினைந்தோ பதினாறோ, 'டுப்' என்றது. அடுத்ததில் பிடித்துக்கொண்டது. தாழ்வாரம் முழுக்கப் புகை, சிலிண்டரில் நான் ஊற்றிய ஆயில் எல்லாம் எரிகிறது. டீச்சரம்மா பதறி ஓடி வந்தார்கள். சார் கையைச் சைலன்சர் பக்கமாக நீட்டி, வருகிற காற்றை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கும் பேச்சு வரவில்லை மாப்ளே.

பத்து நிமிஷம் ஓடவிட்டு, சூட்டோடு ஆயிலை வடித்து இன்னொரு முறை புதுசு ஊற்றினேன். உள்ளே இருந்த கசடு அதோடு வரட்டும் என்று பாய் சொல்லியிருந்தார். சோக்கை எடுத்தால் இன்னும் லேசாகத் திணறுகிறது. கார்புரேட்டர் சேருகிற இடத்தில் ரப்பர் வளையம் காய்ந்து காற்று இழுக்கிறது என்று நினைக்கிறேன். அடுத்த ஞாயிறு அதை மட்டும் மாற்றுவேன். ஒன்றை மட்டும்.

இப்போது நான் உண்மையில் எழுத வந்தது. நீ கோபப்படாதே.

பிரேக்கைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தபோது ஏற்காடு மலைப்பாதையின் பன்னிரண்டாவது வளைவு ஞாபகம் வந்தது. லேடீஸ் சீட் தாண்டியதும் நீ இஞ்சினை அணைத்து நியூட்ரலில் உருட்டுவாயே, பெட்ரோல் மிச்சம் என்று. அடிவாரம் வரை இருபது வளைவும். அன்று அந்த முட்டைக்கோஸ் லாரிக்காரர் நம்மைத் திட்டியதைச் சொல்லி இத்தனை வருஷம் சிரித்துக்கொண்டிருக்கிறோம். சார் டிரம்மை எனக்குக் காட்டினார். கியரில் இறங்கினால் பாதி பாரத்தை இஞ்சின் பிடிக்கும். அதை அணைத்துவிட்டால் ரெண்டு பேர் எடையும் முழுக்க அந்தச் சின்ன டிரம் மேல்தான். ஷூ சூடேறி, கருகின வாடை வந்து, பிடிப்பே போய்விடும். அந்த வாடை அன்று வந்தது குமரேசா. நான் பின்னால் உட்கார்ந்து கிளட்ச் வாடை என்று நினைத்தேன். பிரேக் இல்லை என்று உனக்குத் தெரிந்ததா? தெரிந்தும் சொல்லாமல்தான் ஓட்டினாயா? நேற்று ராத்திரி இதை நினைத்துத் தூக்கம் வரவில்லை. எனக்கு உண்மையான பதில் வேண்டும். தெரிந்திருந்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அதனால்தான் டயர் விஷயத்தில் சார் சொன்னதற்கு மறுபேச்சு பேசவில்லை. பள்ளம் தேயாமல் புதுசு மாதிரிதான் இருந்தது. பக்கவாட்டில் பொறித்திருந்த நாலு இலக்கத்தைப் படிக்கச் சொன்னார், 2312. 2012இல் இருபத்து மூன்றாவது வாரத்தில் செய்தது. மடக்கிப் பார்த்தால் ஓரமெல்லாம் காய்ந்த வயல் மாதிரி வெடிப்பு. ரெண்டு டயர், ரெண்டு டியூப், நாலு பிரேக் ஷூ. வண்டி விலையைத் தாண்டிவிட்டது. உன் தங்கச்சி ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. இன்று வீடியோ காட்டியதும் சரியாகிவிட்டாள்.

காகித வேலை பாக்கி இருக்கிறது. 93இல் வாங்கிய வண்டி, பதினைந்து வருஷம் முடிந்து ஒரு தடவைதான் புதுப்பித்திருக்கிறார். அதுவும் காலாவதியாகிவிட்டது. படிவம் 25 போட்டு ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், 29, 30இல் பெயர் மாற்ற வேண்டும். 29இல் ரெண்டு பிரதி. பழைய கையெழுத்தோடு ஒத்துப்போக வேண்டுமே என்று சார் போன வியாழக்கிழமை முழுக்க ஒரு நோட்டில் தன் கையெழுத்தையே போட்டுப் பழகியிருக்கிறார். டீச்சரம்மா எனக்குத் தனியாகக் காட்டினார்கள். நாலு பக்கம். நம் பரீட்சைப் பேப்பரின் ஓரத்தில் பார்த்த அதே கையெழுத்து, முதல் பக்கத்தில் கோணல்மாணலாக, நாலாவதில் ஓரளவு நேராக.

எல்.எல்.ஆர். எடுத்துவிட்டேன். அடுத்த மாதம் எட்டு போட வேண்டும். மச்சான் வண்டியில் பழகுகிறேன். ஜவ்வரிசி மில்லில் லீவு நாளில் காயவைக்கிற களம் காலியாகக் கிடக்கும், செங்கல் வைத்து எட்டு போட்டுக்கொண்டிருக்கிறேன். இடப்பக்கம் திரும்புவது வந்துவிட்டது. வலப்பக்கம்தான் இன்னும் கால் ஊன்றுகிறது. உனக்கு ஏதாவது யுக்தி தெரிந்தால் எழுது, உன் டிரைவிங்கில் எடுத்துக்கொள்ளக்கூடியது அது ஒன்றுதான்.

அப்புறம் ஒரு வேலை. வண்டிக்கு இடப்பக்க மூடி இல்லை. புதுசு எங்கேயும் இல்லை, இங்கே பழைய சாமான் கடைகளில் தேடிப் பார்த்துவிட்டேன். நீ உக்கடம் பக்கம் போனால் சிடி 100 மூடி கிடைக்குமா என்று விசாரி. நிறம் எதுவானாலும் பரவாயில்லை, கறுப்பு அடித்துக்கொள்ளலாம். மாட்டுகிற ரெண்டு குமிழும் உடையாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கு. தபாலில் அனுப்பாதே, நீயே கொண்டு வா. சார் ரெண்டு தடவை உன்னைக் கேட்டுவிட்டார். வருகிற தேதியை எழுது, ஆர்.சி. அதற்குள் வந்திருந்தால் ஏற்காடு போவோம். ஓட்டுவது நான். இறங்கும்போது ரெண்டாவது கியர்.

அன்புடன்,
செல்வம்