செயலாளரின் ஆண்டறிக்கை: கலைவட்டம், பினாங்கு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

கலையோடு வேறொரு துறையைக் கலந்து இயங்கும் சமகாலக் கலைஞர்களைத் தேடிப் பார்ப்பதென்று சென்ற பொதுக்கூட்டத்தில் முடிவானது. தேடினால் முதலில் அகப்படுபவை பெரும்பாலும் ஜோடனைகள்தாம்: ஒரு கணினித் திரை, நாலு விளக்கு, ‘அறிவியல்’ என்றொரு பெயர்ப்பலகை. ஆகவே செயலவை ஓர் அளவுகோல் வைத்தது. அந்த வேறு துறைக்காரர் யார், அவர் கைவேலை எது, அதை நீக்கிவிட்டால் படைப்பு நிற்குமா? நிற்கும் என்றால் அது நமக்கு வேண்டாம்.

இதில் தேறியவர்களில் ஒருவர் அமெரிக்கக் கலைஞர் மெல் சின். 1991இல் அமெரிக்காவின் செயின்ட் பால் நகரக் குப்பைமேட்டில், மண் ஆய்வாளர் ரூஃபஸ் சேனியோடு சேர்ந்து, மண்ணிலுள்ள கேட்மியம், துத்தநாகம் ஆகிய உலோகங்களை வேர்வழியே உறிஞ்சும் செடிகளை நட்டார். சேனி இல்லாவிட்டால் அங்கே வேலி போட்ட ஒரு பாத்திதான் மிஞ்சியிருக்கும்.

அமெரிக்கக் கலைஞர் ஜேனட் எக்கல்மன் நமக்கு இன்னும் நெருக்கம். 1997இல் ஓவியக் கண்காட்சிக்காக மாமல்லபுரம் வந்தவருக்கு, அனுப்பிய வண்ணங்கள் வந்து சேரவில்லை. கரையில் குவிந்து கிடந்த வலைகளைப் பார்த்தவர், மீனவர்களையே கூட்டாளிகளாக்கி வலைச்சிற்பம் செய்தார். இன்று நகரங்களின் நடுவே அவர் தொங்கவிடும் வலைகளுக்குக் காற்றின் விசையைக் கணக்கிட்டுத் தருவது பொறியாளர்கள். நம் மலேசியாவில் கலைஞர் யீ ஐ-லான், சபா மாநிலத்தில் பாய் முடையும் பெண்களோடு வேலை செய்கிறார். அவர்கள் கையில்லாமல் அந்தப் பாய்கள் இல்லை.

பட்டறைக்கு எடுத்துக்கொண்டது தியோ யான்சன் என்ற கலைஞர் வடிவமைத்த நடக்கும் கால். இயற்பியல் படித்த இந்த டச்சுக்காரர், 1990 முதல் மின்கம்பி இழுக்கப் பயன்படும் பிவிசி குழாய்களால் காற்றில் நடக்கும் உருவங்களைக் கடற்கரையில் விடுகிறார். செய்து பார்க்க விரும்புவோருக்கு அளவுகள், விகித அலகுகளில்: கிராங்க் (சுழன்று காலை இயக்கும் கை) 15. அதன் சுழல்மையம் நிலைமூட்டிலிருந்து (சட்டத்தில் அசையாமல் நிற்கும் மூட்டு) கிடைமட்டத்தில் 38, மேலே 7.8. மேல் முக்கோணம் 41.5, 40.1, 55.8. கீழ் முக்கோணம் 36.7, 49, 65.7. கிராங்கிலிருந்து மேல் முக்கோணத்துக்கு 50, கீழ் முக்கோணத்துக்கு 61.9, நிலைமூட்டிலிருந்து கீழ் முக்கோணத்துக்கு 39.3, முக்கோணங்களை இணைக்கும் குழாய் 39.4. ஓர் அலகுக்கு 5 மில்லிமீட்டர் வைத்தால் கிராங்க் 75, மிக நீளமான குழாய் 328.5 மில்லிமீட்டர்.

கெடுவது பெரும்பாலும் துளையில். இந்த அளவுகள் துளை மையத்திலிருந்து துளை மையத்துக்கு. குழாயின் நுனிக்கு அல்ல. ஓரிரு மில்லிமீட்டர் பிசகினாலே பாதம் தரையை உரசும், அல்லது கிராங்க் பாதிச் சுற்றில் இறுகிக்கொள்ளும். நட்டை முழுக்க முடுக்கிவிட்டுக் கால்வாசிச் சுற்று தளர்த்த வேண்டும். குழாய்கள் ஒன்றோடொன்று மோதாமலிருக்க இடையில் வாஷர் போட்டு அடுக்கடுக்காக விலக்க வேண்டும். ஒற்றைக் கால் நிற்காது: ஒரு கிராங்குக்கு எதிரெதிராக இரண்டு கால்கள், அப்படி மூன்று ஜோடி, 120 பாகை இடைவெளியில்.

கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

ஆர்மேனியன் ஸ்திரீட் சுவரோவியங்களோடு நின்றுவிடாமல், ஜாலான் குர்துவாராவிலுள்ள ஹின் பஸ் டிப்போ கலைக்கூடத்தின் கண்காட்சிகளுக்கும் உறுப்பினர்கள் சென்று, படைப்பின் கீழுள்ள கூட்டாளிகள் பட்டியலைக் குறித்து வரவேண்டும். அடுத்த பட்டறைக்குத் துளையிடும் இயந்திரம் இரவல் தரக்கூடியவர்களும், வெல்டிங் தெரிந்தவர்களும் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும்.

செயலாளர்