நெல்லினப் பெயரை மும்மொழியிலும் ஒரே பெயராக எழுதுங்கள்: ஒரு திறந்த மடல்

விவசாயத் திணைக்களத்தில் பயிரினங்களை வெளியிட்டுப் பெயரிடும் பொறுப்பிலுள்ள அதிகாரிகளுக்கு,

மதிப்பிற்குரியீர்,

சம்மாந்துறை வயல் வட்டைகளில் பெரும்போக விதைப்புக்கு ஆயத்தமாகும் வேளையில் இம்மடலை எழுதுகிறேன். நீங்கள் சூட்டும் இனப்பெயர் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எவ்வாறு எழுதப்பட வேண்டும் என்பதை நீங்களே நிர்ணயித்து, விதைச் சாக்கின் அட்டையிலேயே மூன்று எழுத்திலும் அச்சிட்டுத் தர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

உங்கள் குறியீட்டு முறையில் எனக்குக் குறையில்லை. மும்மொழி நாட்டுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. பிஜி (Bg) என்றால் பத்தலகொடவிலும், ஏடி என்றால் அம்பலாந்தோட்டையிலும், பிடபிள்யூ என்றால் பொம்புவலவிலும் உருவான நெல். எண்ணுக்குள் வயதும் இருக்கிறது: பிஜி 300 மூன்று மாதம், 352 மூன்றரை, 403 நான்கு. வாய்க்கால் எப்போது திறக்கும், எப்போது பூட்டும் என்று போகத்தின் ஆரம்பக் கூட்டத்தில் தீர்மானித்த பின்னர், அந்தத் தண்ணீருக்குள் விளைந்து முடியும் நெல்லைத் தெரிந்தெடுக்க எமக்கு அந்த எண்தான் வழிகாட்டி.

ஆனால் சாக்கை அவிழ்த்துச் சில்லறையாக விற்கும் கடையில் அந்த எண் தொலைந்துவிடுகிறது. ஆங்கில எழுத்திலுள்ள அட்டை எங்கோ போய்விட, நெல்லின் மேல் குத்தி வைத்த காட்போட் துண்டில் "மூண்டரை மாசம், வெள்ளை" என்று மட்டும் இருக்கும். 352உம் மூன்றரை மாத வெள்ளைதான், 358உம் மூன்றரை மாத வெள்ளைதான். முன்னது நாட்டரிசி வகை, பின்னது சிறுமணிச் சம்பா வகை. எது விளைந்தது என்பது அறுவடைக்குப் பின், ஆலைக்காரர் மணியை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து விலை சொல்லும்போதுதான் பலருக்குத் தெரியவரும். கீரிச்சம்பாவின் நிலை இன்னும் சிக்கலானது: வயலில் அது பிஜி 360, சந்தையில் கீரிச்சம்பா என்பது அரிசியின் வியாபாரப் பெயர். வியாபாரப் பெயர் இருக்கட்டும். இனப்பெயர் அதற்குப் பக்கத்தில் கட்டாயம் நிற்க வேண்டும்.

முதன்முதலில் 1953இல் வெளியான, பயிரிடப்படும் தாவரங்களுக்கான சர்வதேசப் பெயரீட்டு விதிக்கோவை இதையே சொல்கிறது. இனப்பெயரை வேறு எழுத்தில் ஒலிபெயர்த்தால் அது அதே பெயராகவே கொள்ளப்படும். மொழிபெயர்த்து விற்றால் அது வெறும் வியாபாரப் பெயராகிவிடும்.

எம் முன்னோர் இவ்விதியை வாசிக்காமலே கடைப்பிடித்தார்கள். பச்சைப்பெருமாள் என்ற பாரம்பரிய நெல் சிங்கள ஊர்களிலும் பச்சப்பெருமாளாகவே விளைகிறது. யாரும் அதை மொழிபெயர்க்கவில்லை. பழுது ஆங்கிலம் இடையில் புகும்போதுதான் நேர்கிறது. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஆங்கில எழுத்தில் கர்த்தகொலம்பனாகிவிட்டது. அதைப் பார்த்துத் தமிழ் அட்டை எழுதுபவர் ஒரு தமிழ்ப் பெயரையே தமிழில் பிழையாக எழுத நேரும். ஆகவே சிங்களப் பெயரைச் சிங்களத்திலிருந்தும் தமிழ்ப் பெயரைத் தமிழிலிருந்தும் நேரடியாக எடுத்தெழுதுங்கள். சுவந்தல், கலு ஹீனட்டி போன்ற சிங்கள நெற்பெயர்களைச் சிங்களம் அறிந்த ஒருவர் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லக் கேட்டு எழுதினாலே போதும்.

இவ்வாறு நிர்ணயித்த பட்டியலைக் கமநல சேவை நிலையங்களுக்கும் விவசாயப் போதனாசிரியர்களுக்கும் அனுப்புமாறும், அச்சுக்குப் போகுமுன் எங்கள் பகுதியிலும் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலும் உள்ள விவசாய அமைப்புகளுக்கு ஒருமுறை காட்டுமாறும் கேட்டுக்கொள்கிறேன். பிஜியைப் "பீஜீ" என்று எழுதுவதா, "பி.ஜி." என்று எழுதுவதா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை, ஏதாவது ஒன்றை முடிவு செய்து தாருங்கள்.

இங்ஙனம்,
நெற்செய்கையாளர் ஒருவர்,
சம்மாந்துறை